மேனேஜரைத் தேடிய கறுப்புத் திரை

ஆமை தொலைந்துவிட்டது என்று சொன்னால் உலகத்தில் ஒருவர்கூட 'ஐயோ' என்பதில்லை. சிரிக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சௌகரியமாக நின்றுகொண்டு சிரித்தார்.

"எவ்வளவு தூரம் ஓடியிருக்கப் போகுது சார்? சாவகாசமா சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டுப் போய்ப் பாருங்க. வாசல் கேட்டுப் பக்கத்துலதான் இருக்கும்."

தந்திக்காரருடைய ஆமை நடந்து போகவில்லை; பஸ்ஸில் போயிருந்தது.

தந்தி அலுவலகத்தில் நாற்காலி தேயத் தேய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தந்தி என்ற சங்கதியே உலகத்தை விட்டு விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பழக்கமும் போகவில்லை. எந்த வாக்கியத்தைக் கண்டாலும் அதில் வெட்டக்கூடிய சொல் எது என்று கண் தேடும். கல்யாணத்துக்கு முன் வருங்கால மனைவிக்கு அவர் எழுதிய ஒரே காதல் கடிதம் 'நலம். பிடித்திருக்கிறது. பதில்.' என்பதுதான். அதில் 'நலம்' அனாவசியம் என்று இன்றுவரை அவருக்கு வருத்தம்.

மனைவி இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டித் துணியும் ஓர் ஆமையும் கொண்டுவந்தாள். ஆமை அப்போது உள்ளங்கை அகலம். இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலம். அவள் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் மாதமே அதற்குப் பெயரும் அமைந்துவிட்டது: மேனேஜர். யாராவது எதையாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கேட்டவர் அலுத்துப்போய் எழுந்து போன பிறகுதான் மெல்ல வெளியே நீட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போன பின்பு, வீட்டில் அவள் வாய் ஓயாமல் பேசுவது மேனேஜரிடம்தான். புருஷன் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மேனேஜர் அந்த ஒரு வார்த்தையும் பேசாது. ஆனாலும், காது கொடுத்துக் கேட்கிற முகம் மேனேஜருக்குத்தான் என்பாள்.

ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போனவள், போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாள். "குளிர் ஆரம்பிச்சாச்சு. மேனேஜர் குளிர் முடியறவரைக்கும் தூங்கப் போற நேரம். தூங்கறதுக்கு முன்னால ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம். செடிக்குத் தண்ணிகூட ஊத்த வேண்டாம்."

டாக்டர் பார்த்தார், எடை போட்டார், "உங்களை விட ஆரோக்கியம்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. ஜன்னல் வழியே வெயில் வெதுவெதுவென்று வந்து, பக்கத்து இருக்கையில் ஒரு பாய் விரித்ததைப் போல விழுந்து கிடந்தது. பைக்குள் மேனேஜருக்கு இருட்டாக இருக்குமே என்று தந்திக்காரருக்கு ஒரு கரிசனம். எடுத்து அந்த வெயிலில் வைத்தார். பஸ் ஆடியது, தாலாட்டியது, ஒரு கப்பலைப் போல மெல்லத் திரும்பியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடினார்கள். அவர் விழித்தபோது, அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னோக்கி நகர ஆரம்பித்திருந்தது. பையை அள்ளிக்கொண்டு குதித்தார். பையில் துண்டு இருந்தது, சொட்டுமருந்து இருந்தது, குடை இருந்தது. வீட்டுக்கு வந்து துண்டை விரித்தபோதுதான் மற்றது தெரிந்தது.

பஸ் கம்பெனிக்குத் தொலைந்த பொருள் கிடங்கு என்று ஒன்று உண்டு. போன் செய்தார், புல்லாங்குழல் வாசித்தார்கள். மறுபடி செய்தார், அதே புல்லாங்குழல், விட்ட இடத்திலிருந்து. கிடங்கின் இணையப் பக்கத்தைத் திறந்தார். 'என்ன தொலைத்தீர்கள்?' என்று பரிவோடு கேட்டது. குடை, பை, கைப்பேசி, கண்ணாடி, இதர. அவர் 'இதர'வை அழுத்தினார். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவர் படுக்கப் போனபோது சுற்றியது, எழுந்தபோதும் சுற்றியது. பூமியே அந்த நேரத்தில் அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும்.

காலையில் மச்சானுக்குப் போன் செய்தார்.

"உடனே வா."

"என்ன ஆச்சு அத்தான்?"

"மேனேஜர்."

"செத்துப்போச்சா?"

"பஸ்."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி, ஐம்பதைத் தாண்டியவர், கம்ப்யூட்டர்காரர். அவருக்குப் பெயர் அரைப்புள்ளி. முன்பு எப்போதோ, எழுதிய நிரலில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டு, ஒரு நகரத்தின் போக்குவரத்து விளக்குகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் பச்சையாக்கிவிட்டார் என்று சொல்கிறார்கள். மஞ்சள் என்று சொல்பவர்களும் உண்டு. அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் அரைப்புள்ளி. சமாச்சாரத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அல்லவா, அக்காவைத் தெரியும்.

"அக்கா எப்ப வருது?"

"சாயங்காலம். ரயில்."

"சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"வந்ததும் வராததுமா 'மேனேஜர் எங்கே'ன்னுதான் அத்தான் கேக்கும். 'அத்தான் எங்கே'ன்னு கேட்டு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"தெரியும்."

"நாமளே பஸ் டிப்போவுக்குப் போய்ப் பாத்தா என்ன?"

"நாலு டிப்போ. எதுன்னு தெரியாது."

அரைப்புள்ளி சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தார். படம் இல்லை, பொத்தான் இல்லை, கறுப்பாக ஒரு திரை மட்டும். அதன் மூலையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தார் தந்திக்காரர்.

"இத பாருங்க அத்தான். நீங்க நேத்துப் பாத்தீங்களே, அது கிடங்கோட முன்வாசல். கோலாகலமா இருக்கும், வேலை நடக்காது. பின்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கு. ஏபிஐன்னு பேரு. அங்க அலங்காரம் கிடையாது. நாம ஒரு சீட்டை நீட்டணும், உள்ள இருக்கற மிஷின் அதைப் பாத்து எடுத்துக் குடுக்கும்."

"என்ன சீட்டு?"

"முதல்ல கர்ல்னு ஒரு சொல். அதுதான் சீட்டைக் கொண்டு போற ஆள். அப்புறம் கிடங்கோட விலாசம். அப்புறம் ஒரு கேள்விக்குறி. அதுக்குப் பின்னால நம்ம நிபந்தனைங்க. எந்த வாகனம், என்னைக்கு, என்ன வகைன்னு. ஒரு நிபந்தனைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு அண்ட் குறி, இங்கிலீஷ்ல 'அண்ட்'டுக்குப் பதிலாப் போடற அந்தச் சுழி. இந்த நிபந்தனைங்கதான் சல்லடை. இது இல்லாட்டி கிடங்கையே கொட்டிக் கவுத்துடும்."

விலாசம், சுருக்கமான செய்தி, அனுப்பு. தந்திக்காரரின் முகத்தில் முந்தின நாளிலிருந்து முதல் தடவையாக ரத்தம் ஓடியது. உலகம் தந்தியைக் கொன்றுவிட்டு, பின்பக்கமாக அதையே வைத்துக்கொண்டு பிழைக்கிறது!

"நகரு. நான் அடிக்கிறேன்."

"நீங்களா?"

"என் தப்பு. என் விரல்."

அரைப்புள்ளி விலாசத்தைச் சொன்னார், பிறகு மற்றதையும் சொன்னார். "கேள்விக்குறி. வாகனம் சமம் பஸ். அண்ட். நாள் சமம் நேற்று. அண்ட். வகை சமம் பிராணி. விலாசத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுடுங்க. நான் டீ போட்டுட்டு வரேன். டீ இல்லாம எனக்கு இது ஓடாது."

தந்திக்காரர் அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் கோழி தானியம் கொத்துவது போல ஒற்றை விரலால் கொத்தினார். பிறகு, ஆயுசு முழுக்கச் செய்ததைப் போல, அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தார். விலாசம் அவசியம். நிபந்தனைகள் அவசியம். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இந்த மேற்கோள் குறிகள் எதற்கு? மாப்பிள்ளை ஊர்வலமா, இருபுறமும் குடை பிடிக்க? செய்திக்கு இதனால் காலணா லாபம் இல்லை. வெட்டு. வெட்டினார். அனுப்பினார்.

கறுப்புத் திரை ஓர் எண்ணை மட்டும் முணுமுணுத்தது. பிறகு வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு குடை. பிறகு குடைகள். பிறகு, இந்த உலகத்தில் என்றைக்கு மழை பெய்ய ஆரம்பித்ததோ அன்றிலிருந்து பஸ்களில் மறந்துவைக்கப்பட்ட குடைகள் எல்லாம், கறுப்பு, நீலம், கம்பி வளைந்தது, கைப்பிடி இல்லாதது என்று, கீழிருந்து மேலாக ஏறி மறைந்துகொண்டே இருந்தன. பின்னாலேயே ஒற்றைக் கையுறைகள் வந்தன, தம் ஜோடியைத் தேடிக்கொண்டு. பல்செட்டுகள் சிரித்துக்கொண்டே போயின. கண்ணாடிகள், எழுதி முடிக்காத பரீட்சைத் தாள்கள், பாதி பின்னிய கம்பளிச் சட்டைகள், ஓர் எக்காளம், மணப்பெண்ணின் ஒரு செருப்பு, சாவிகள், சாவிகள், எந்தக் கதவுக்கும் சொந்தமில்லாத சாவிகள். திரை வெள்ளமாகப் பொங்கி மேஜை மேல் வழிவதாகத் தந்திக்காரருக்குத் தோன்றியது. நாற்காலியின் கால்கள் தரையை விட்டுக் கொஞ்சம் மிதந்தன என்றே சொல்லலாம். மனிதர்கள் இவ்வளவையா விட்டுவிட்டு இறங்கிப் போகிறார்கள்! இறங்கிப்போன பிறகு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்?

"அத்தான்! என்ன பண்ணி வெச்சீங்க?" இரண்டு கையிலும் டீயோடு நின்றார் அரைப்புள்ளி.

"வருது."

"வருதா? கிடங்கு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வருது!" ஓடிவந்து எதையோ அழுத்தி வெள்ளத்தை நிறுத்தினார். திரையை மேலே உருட்டிச் சீட்டைப் பார்த்தார். "மேற்கோள் குறி எங்க?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"அனாவசியம்."

அரைப்புள்ளி டீயை மேஜையில் வைத்துவிட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அத்தான், இந்தக் கறுப்புத் திரைக்கு அண்ட் குறின்னா வேற அர்த்தம். 'இதைப் பின்னால ஓட விட்டுட்டு அடுத்த வேலையப் பாரு'ன்னு அர்த்தம். மேற்கோளுக்குள்ள இருந்தாத்தான் அதைத் தொடாம அப்படியே கிடங்குக்கு அனுப்பும். நீங்க வெளிய விட்டீங்க. 'வாகனம் சமம் பஸ்'ங்கறதோட சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுச்சு. நேத்துங்கறதும் பிராணிங்கறதும் இங்கயே கீழ விழுந்து கிடக்கு."

தந்திக்காரர் தன்னையறியாமல் மேஜைக்கடியில் பார்த்தார்.

அரைப்புள்ளி மேற்கோள் குறிகளைப் போட்டு, மறுபடி அனுப்பினார். இந்த முறை பதில் கண் இமைக்கும் முன்னால் வந்தது. இரண்டு சதுர அடைப்புக்குறிகள். நடுவில் எதுவும் இல்லை.

"இது என்ன?"

"ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

ஒன்றுமில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தத் தந்தியிலும் அவர் கண்டதில்லை. இன்னொரு நாளாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். இன்று அந்த இரண்டு குறிகளும் ஆள் இல்லாத ஓடு மாதிரி இருந்தன. உள்ளே யாரும் இல்லை.

வகை சமம் ஆமை என்று போட்டார்கள். வெறும் ஓடு. வகை சமம் ஊர்வன. ஓடு. செல்லப்பிராணி, விலங்கு, உயிரினம். ஓடு, ஓடு, ஓடு. அரைப்புள்ளிக்கு ரோஷம் வந்துவிட்டது. சல்லடையை மேலும் மேலும் இறுக்கினார். பச்சை கலந்த பழுப்பு நிறம் என்று சேர்த்தார், எடை சேர்த்தார், மேனேஜரின் முகபாவம் தவிர எல்லாவற்றையும் சேர்த்தார். தந்திக்காரர் ஜன்னலோரத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். வெளியே மதிய வெயில் தெருவைச் சலவை செய்து காயப்போட்டிருந்தது. விசைப்பலகையின் சத்தம் தூரத்து மழை மாதிரி கேட்டது. கண் சொருகியது.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். இல்லை, வைக்கப்பட்டிருக்கிறார். யாரோ அவரை வெயிலில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். பஸ் நிற்கிறது. துடைப்பத்தோடு ஒருவர் ஏறி வருகிறார், குனிந்து பார்க்கிறார், விரலால் நெற்றியில் தட்டிப் பார்க்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நீளமான மேஜையில் வைக்கிறார்கள். "என்ன இது?" என்று ஒரு குரல். தந்திக்காரர் 'நான் ஒரு மனுஷன், இன்னாருடைய புருஷன்' என்று சொல்லப் பார்க்கிறார், வாய் திறக்கவில்லை. மரப் பொம்மைன்னு போடு என்கிறது இன்னொரு குரல். நல்லா செஞ்சிருக்கான். மூக்கைப் பாரு. அவரை ஓர் அலமாரியில், எக்காளத்துக்கும் பல்செட்டுக்கும் நடுவில் வைக்கிறார்கள். அங்கே அப்படியே இருக்கலாம் போல இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவி எங்கோ கிடங்கின் வாசலில் நின்று, 'மனுஷன், உயரம் நடுத்தரம், பேச்சுக் குறைவு' என்று அடையாளம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இல்லையேம்மா, அப்படி யாரும் இல்லையே என்கிறார்கள்.

திடுக்கிட்டு எழுந்தார்.

"மச்சான்! வகையை எடு."

"என்னது?"

"வகையை எடுத்துடு. மேனேஜர் தூங்கினா எப்படி இருக்கும்?"

அரைப்புள்ளி யோசித்தார். "கால் தெரியாது. தலை தெரியாது. கிள்ளினாலும் அசையாது."

"நமக்கு மேனேஜர். பாக்கறவனுக்கு?"

அரைப்புள்ளி வகையை அழித்தார், நிறத்தை அழித்தார், எடையை அழித்தார். வாகனமும் நாளும் மட்டும் மிஞ்சின. மேற்கோள் குறிகளைத் தந்திக்காரரே போட்டார், ஆணி அடிப்பது போல. முந்தின நாள் பஸ்களில் கிடைத்தவை ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. குடை. குடை. ஒரு குழந்தையின் காலுறை. கண்ணாடி. குடை. அப்புறம்,

'வகை: அலங்காரப் பொருள். கல். ஆமை வடிவம். வேலைப்பாடு மிக நன்று, நகங்கள்கூடச் செதுக்கப்பட்டுள்ளன.'

இருவரும் ஒரே சத்தத்தில் கத்தியதில், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார் என்பது உண்மை. அடுத்த தெரு நாய் மயங்கி விழுந்தது என்பது அரைப்புள்ளி பிற்பாடு சேர்த்தது.

"கீழ இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் அரைப்புள்ளி. அவர் குரல் இறங்கியிருந்தது. "'நிலை: பூங்காத் துறைக்கு மாற்றம். இன்று மாலை.' கிடங்கு மேற்கு டிப்போவுலன்னும் போட்டிருக்கு அத்தான். கிளம்புங்க."

*

மேற்கு டிப்போவின் பின்னால், உலகத்தின் ஈரக் குடைகள் எல்லாம் சேர்ந்து மூச்சுவிடும் வாசனையோடு இருந்தது கிடங்கு. வாசலில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. லாரியின் மேல் மூக்கு உடைந்த சிமெண்ட் சிங்கம் ஒன்று, காது போன பூந்தொட்டிகள், குட்டி மண்டபம் ஒன்றின் கூரை. சிங்கத்தின் முன்னங்கால்களுக்கு நடுவில், முதுகில் சீட்டு ஒட்டப்பட்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது மேனேஜர்.

"அதுதான்!" என்றார் தந்திக்காரர்.

கிடங்குக்குப் பொறுப்பான அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்தால் குணமுள்ளவர்தான். ஆனால் நாள் முழுக்க 'அது என்னுடையது' என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவர்.

"அந்தக் கல்லா? அது போயிடுச்சு சார். பூங்காவுல புது நீரூற்று கட்டறாங்க. சுத்தி அலங்காரக் கல்லா பதிக்கறாங்க. சிமெண்ட் குழைச்சு வெச்சுக்கிட்டு போன் மேல போன். நல்ல கல்லா வேணும்னு கேட்டாங்க, இதைப் பாத்ததும் நானே எடுத்து வெச்சேன்."

சிமெண்ட். தந்திக்காரர் லாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அது ஆமை" என்றார்.

"ஆமைதான். ஆமை வடிவம்னு எழுதியிருக்கேனே."

"உயிர்."

"அம்மா, அவரு என்ன சொல்றாருன்னா," என்று அரைப்புள்ளி குறுக்கே வந்தார், "அது நிஜ ஆமை. எங்க அக்காவோடது. தூங்குது."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லாரிமேல் எட்டி, மேனேஜரின் முதுகில் விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக். "கேட்டீங்களா? கல்லு."

"ஓடு அப்படித்தான் கேக்கும்!"

"தம்பி, போன வாரம் ஒருத்தர் வந்து ஒரு மேஜை விளக்கைத் தன் தாத்தான்னாரு. எனக்குப் பழகிப்போச்சு. சட்டம் ஒண்ணுதான். கல்லுன்னா பூங்காவுக்கு, மாத்தியாச்சு, நான் திரும்ப வாங்க முடியாது. உயிருள்ளதுன்னா பூங்காவுக்குக் குடுக்க எனக்கு அதிகாரமே கிடையாது, உங்களுக்குத்தான். உயிருள்ளதுன்னு காட்டுங்க, இந்த நிமிஷமே வகையை மாத்திடறேன்."

காட்டுவது என்றால் எப்படி? அரைப்புள்ளி மேனேஜரை இறக்கித் தரையில் வைத்து, ஓட்டின் முன்வாசலில் வாயை வைத்து, "ஹலோ, ஹலோ" என்றார். ஒரு புல்லால் குடைந்தார். லாரி ஓட்டுநர் இரக்கப்பட்டு, முழு பலத்தோடு ஹாரன் அடித்தார். டிப்போவில் நின்ற பஸ்களெல்லாம் நடுங்கின. கிடங்கு அம்மாள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டைக் கொண்டுவந்து வைத்தார், அவருக்கும் ஆசை வந்துவிட்டது போலும். மேனேஜர் எதற்கும் அசையவில்லை. இத்தனை பேர் சூழ்ந்துகொண்டு இத்தனை கேட்டால் எந்த மேனேஜர் வெளியே வருவார்?

"நேரமாச்சு சார்," என்றார் ஓட்டுநர் மெதுவாக. "சிமெண்ட் இறுகிடும்."

மேனேஜர் யார் குரலுக்கு வெளியே வரும் என்பது தந்திக்காரருக்குத் தெரியும். வந்த முதல் நிமிஷத்திலிருந்தே தெரியும். அந்தக் குரல் இப்போது ஒரு ரயிலில், ஜன்னலோரத்தில், ஒன்றும் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால், அவள் வருவாள், மேனேஜர் எங்கே என்பாள், ஓர் ஊமைக் கல் நீரூற்றின் ஓரத்தில் சாரலில் நனைந்துகொண்டே இருக்கும்.

போனை எடுத்தார்.

"என்னங்க? அதிசயமா நீங்களே பண்றீங்க! யாருக்கு என்ன ஆச்சு?"

"மேனேஜரைக் கூப்பிடு."

"என்னது?"

"போன்லயே. சத்தமா. கூப்பிடு."

"ரயில்ல அத்தனை பேரும் பாக்கறாங்க. வீட்டுக்கு வந்து..."

"கூப்பிடும்மா."

அவர் 'ம்மா' என்று சேர்த்ததைக் கேட்டதும் அந்தப் பக்கம் மௌனமானது. ரயிலின் தடக் தடக் மட்டும் கேட்டது. அவர் மண்டிபோட்டு, போனை ஓட்டின் வாசலருகே பிடித்தார். அப்புறம் அவள் குரல் வந்தது, அலுவலகத்தில் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்க்கிற குரல்.

"மேனேஜர் சார்... டீ வந்திருக்கு சார்."

முதலில் ஒன்றுமில்லை. சாயங்கால வெளிச்சம் டிப்போவின் தரையில் தேன் மாதிரி நகர்ந்தது. ஓட்டுக்குள் இருந்த இருட்டு கொஞ்சம் அசைந்தது. இருட்டுதான் அசைகிறதோ என்று தோன்றும் அளவுக்கு மெல்ல, சுருக்கம் விழுந்த ஒரு மூக்கு நுனி, பிறகு ஒரு கண், தூக்கத்தை விட்டு வர மனமில்லாத, ஆனால் டீ என்றால் பார்த்துவிடலாம் என்கிற ஒரு கண். கழுத்து நீண்டது. நீண்டுகொண்டே போனது. அந்தக் கழுத்து வெளியே வந்து முடிப்பதற்குள் இரண்டு பஸ்கள் கிளம்பிப் போய், பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டன.

கிடங்கு அம்மாள் வீல் என்று கத்தினார். பிறகு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நகம்கூட செதுக்கியிருக்குன்னு எழுதினேனே பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார், வகையை மாற்ற.

"நல்லவேளை சார்," என்றார் ஓட்டுநர். "இதை நட்ட நடுவுல வைக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்."

"என்னங்க," என்றது போன். "அங்க யாரு கத்தினது? எங்க இருக்கீங்க? மேனேஜர் எங்க இருக்கு?"

தந்திக்காரரின் நாக்கு நுனியில் 'வீடு' என்ற சொல் தயாராக வந்து நின்றது. ஒரே சொல், கச்சிதமான சொல். ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அரைப்புள்ளி கண்ணைக் காட்டினார், சொல்லிடுங்க அத்தான் என்பது போலவும், சொல்லிடாதீங்க என்பது போலவும்.

"நேத்து மத்தியானம் பஸ்ல வரும்போது," என்று ஆரம்பித்தார் தந்திக்காரர், "ஜன்னல் வழியா ஒரு வெயில் வந்தது. எப்பேர்ப்பட்ட வெயில் தெரியுமா..."

நிறுத்தவில்லை. பஸ் கப்பல் மாதிரி திரும்பியதைச் சொன்னார். வெறும் துண்டை விரித்ததைச் சொன்னார். சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தையும், தன் கையால் வெட்டிய மேற்கோள் குறிகளையும், குடை வெள்ளத்தையும், மணப்பெண்ணின் ஒற்றைச் செருப்பையும் சொன்னார். அரைப்புள்ளி மேனேஜரைத் தூக்கிக்கொண்டு, அத்தானின் முழங்கையைப் பிடித்து வழிநடத்திக்கொண்டு, சாலையைக் கடக்கவைத்து, ரயில் நிலையத்தை நோக்கிக் கூட்டிப்போனார். தந்திக்காரர் நடந்துகொண்டே கனவைச் சொன்னார். கனவில் அவள் சொன்ன அடையாளங்களைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திட்டுகூட வரவில்லை. "ம்" என்று மட்டும் வந்தது. அப்புறம் இன்னொரு "ம்". ரயில் நிற்கிற சத்தம் வந்தது, பெட்டியை இழுக்கிற சத்தம் வந்தது.

நடைமேடையில் கூட்டம் கலைந்துபோன பின் ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், காதில் போனோடு. அவர் அவள் முன்னால் போய் நின்றார், காதில் போனோடு. அரைப்புள்ளி மேனேஜரை அவள் மடியில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே டீ வாங்கக் கிளம்பினார்.

அவள் மேனேஜரைத் திருப்பிப் பார்த்தாள், நான்கு கால்களையும் பார்த்தாள், முதுகைத் தடவினாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்துக்கொண்டே போனில் கேட்டாள்.

"வெச்சிடட்டுமா?"

"வேண்டாம்," என்றார் அவர், போனிலேயே. "இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவள் பெட்டியை நகர்த்திப் பெஞ்சில் இடம் விட்டாள்.